சின்னமுத்தும் மிச்சமிருக்கும் ஒரு சதவீதமும்

2024 ஜனவரி 6, சனிக்கிழமை. ஆறு மாதம் முடிந்து ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைகளுக்கு அன்று சின்னமுத்துத் தடுப்பூசி ஒன்று மேலதிகமாகப் போடப்பட்டது. நோய் அதிகம் தென்பட்ட ஒன்பது இடங்களைச் சுகாதார அமைச்சு தெரிந்தெடுத்திருந்தது. கொழும்பு, கம்பஹா, யாழ்ப்பாணம் என்று போன அந்தப் பட்டியலில் கண்டியும் இருந்தது. வழக்கமான அட்டவணையில் அந்த வயதுக்கு அந்த ஊசி கிடையாது. அது ஒன்பது மாதத்தில் போடுவது.

இதில் ஒரு முரண் உண்டு. 2019 ஜூலை 9 அன்று உலக சுகாதார நிறுவனம் இலங்கையைச் சின்னமுத்தை ஒழித்த நாடு என்று அறிவித்தது. உள்ளூரிலேயே தொற்றிய கடைசி நோயாளி 2016 மே மாதத்தில் பதிவானவர். ஐந்து நோய்களுக்கு ஒன்றாகப் போடும் ஐங்கூட்டு ஊசியின் மூன்றாவது தடவை வரை பெற்ற குழந்தைகள் 99 சதவீதம் என்று ஆண்டுக்கு ஆண்டு எழுதி வந்த நாடு இது. தெற்காசியாவில் இந்த எண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விடாத சுகாதார அதிகாரி இருக்க மாட்டார். அப்படிப்பட்ட நாட்டில் நான்கரை ஆண்டுக்குள் ஆறு மாதக் குழந்தையின் தொடையைத் தேடி ஊசி ஏன் போக வேண்டி வந்தது?

பதிலை நான் கண்டி நகரின் வடக்கு ஓரத்தில், மஹய்யாவவில் வைத்து யோசித்துப் பார்க்கிறேன். மாத்தளை ரயில் கண்டியை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் தொடும் இடம். ஊருக்குப் பொதுவான மயானம் இருக்கும் இடம் என்றால் கண்டிக்காரருக்கு உடனே விளங்கும். கண்டி மாநகர சபையின் நகரசுத்தித் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் குடியிருப்பும் அங்கேதான். இங்கிலீஷ்காரன் காலத்தில் தெரு கூட்டவும் மலக்கூடை சுமக்கவும் தென்னிந்தியாவிலிருந்து கூட்டி வரப்பட்ட தமிழரின் பேரப்பிள்ளைகள். பேராதனைப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் காலிங்க டியூடர் சில்வாவும் அவருடன் சேர்ந்தோரும் 2009-இல் வெளியிட்ட சாதி பற்றிய ஆய்வு இந்த மக்களின் நிலையையும் பேசுகிறது. வாந்திபேதியும் கொள்ளைநோயும் நகரத்துக்குள் வராமல் காத்தவர்கள் இவர்கள். அந்த நகரம் இவர்களுக்கு ஒதுக்கியது அதன் மிக நெருக்கமான அறைகளை.

மஹய்யாவ தடுப்பூசியை மறுக்கும் இடம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நான் பார்த்தவரை, ஊசி போடும் நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதலில் வந்து வாங்கில் உட்காருபவர்கள் இப்படிப்பட்ட குடியிருப்புத் தாய்மார்தான். மறுப்பு என்பது பெரும்பாலும் இன்டர்நெட்டும் நேரமும் வசதியும் உள்ளவர்களின் சங்கதி. நான் மஹய்யாவவைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில் இருமல் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. சின்னமுத்து காற்றில் பரவும் நோய். நோயாளி எழுந்து போன அறையில் கூட இரண்டு மணி நேரம் வரை கிருமி உயிரோடு மிதக்கும். தடுப்பு இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது எதிர்ப்புச் சக்தியோடு இருந்தால்தான் அது வழி தெரியாமல் நிற்கும். தோட்டம் வைத்த வீட்டுக்கும் லயத்துக்கும் இந்தக் கணக்கு ஒன்றே, ஆனால் லயத்தில் தவறுக்கு இடம் குறைவு.

சின்னமுத்து. பெயரையே கொஞ்சம் பாருங்கள். தமிழ்நாட்டில் தட்டம்மை என்பார்கள். இலங்கையில் நமக்கு இது முத்து. தோலில் எழும் பொரியை முத்து என்று கொண்டாடிச் சொன்ன பாஷை நம்முடையது. அந்த முத்தைப் போடுபவள் முத்துமாரி. மாத்தளையின் முத்துமாரியம்மன் கோவில் தேர் மலையகமே திரளும் திருவிழா. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக நடந்து, வாந்திபேதிக்கும் வைசூரிக்கும் வழியெல்லாம் ஆட்களைப் பறிகொடுத்து வந்தவர்களின் பாதை மாத்தளையில் முடிந்தது. அந்தப் பாதையின் முனையில் மாரியம்மன் நிற்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

படித்தவர்கள் வேப்பிலையைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அம்மாள் வந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது என்ன செய்தது? வெளியாள் உள்ளே வராமல் தடுத்தது. பிள்ளையைத் தனியே படுக்க வைத்தது. தெருவுக்கே நோய் வந்த செய்தியைச் சொன்னது. இன்றைய சுகாதாரத் துறை இதே மூன்று வேலைகளையும் வேறு பெயரில் செய்கிறது. 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காய்ச்சலோடு பொரி கண்ட பிள்ளையைப் பார்க்கும் வைத்தியர் எச்-544 என்ற படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. மாத்தயா, வீடு தேடி வருவார். வேப்பிலைக்கும் எச்-544-க்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான்: வேப்பிலை தெருவோடு நின்றுவிடும், படிவம் கொழும்புத் தொற்றுநோயியல் பிரிவு வரை போகும். வேப்பிலையால் வந்த கேடு அதுதான். அம்மாள் விளையாடுகிறாள், ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்று வீட்டில் வைத்த பிள்ளை எந்தக் கணக்கிலும் ஏறாமல் போனது.

என் அம்மாயி 1930-களின் நடுவில் சிறுமியாக இங்கே வந்தவர். அவருடைய கையில் பத்துச் சத நாணயம் அளவில் இரண்டு தழும்புகள் உண்டு. "மண்டபத்தில குத்துனது" என்று சேலைத் தலைப்பை விலக்கிக் காட்டுவார். தோட்டங்களுக்கு வரும் கூலியாட்களை மண்டபம் முகாமில் சில நாள் அடைத்து, குளிப்பாட்டி, துணிகளை ஆவியில் போட்டெடுத்து, அம்மை குத்திய பிறகுதான் தனுஷ்கோடியில் கப்பல் ஏற்றுவார்கள். அம்மாயிக்கு அது வைத்தியமாக நினைவில் இல்லை. வரிசை, தண்ணீர், அழுகை. அந்த ஊசி அவரைக் காப்பாற்றத்தான் போடப்பட்டதா, தேயிலைக்கு ஆள் குறையாமல் பார்க்கப் போடப்பட்டதா என்று கேட்டால், இரண்டாவதுதான் முகாமின் நோக்கம் என்பது என் எண்ணம். ஆனால் வைசூரி அவருக்கு வரவில்லை. (1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் மண்டபம் முகாம் வழியாகத்தான் போனார்கள். ஒரே வாசல், போகவும் வரவும்.)

இலங்கையில் அம்மைப்பால் குத்தத் தொடங்கியது 1802-இல். தாமஸ் கிறிஸ்டி என்ற ராணுவ வைத்தியர் அதற்குப் பொறுப்பாக இருந்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் கையில் பற்றிய அம்மைப்பாலின் வழிவந்ததுதான் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பரவியது. குளிர்ப்பெட்டி இல்லாத காலம். ஒரு பிள்ளையின் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்த பிள்ளையின் கையில் குத்த வேண்டும். எட்டாம் நாளில் அங்கிருந்து இன்னொரு கை. சங்கிலி ஒரு இடத்தில் அறுந்தால் மருந்தே இல்லாமல் போய்விடும். பிள்ளைகளே குளிர்ப்பெட்டி, பிள்ளைகளே வண்டி. 1886-இல் தடுப்பூசிக் கட்டளைச் சட்டம் வந்தது, கட்டாயம் வந்தது. கட்டாயத்துக்கு அஞ்சி ஒளிந்தவர்களும் உண்டு. அம்மை குத்துகிறவரைக் கண்டால் பிள்ளையைப் பாயில் சுருட்டி வைத்த கதைகளை எல்லா ஊர்ப் பாட்டிமாரும் சொல்வார்கள்.

திசை மாறியது 1926-இல், களுத்துறையில். ஊசியையும் சட்டத்தையும் மட்டும் நம்பாமல், ஒரு எல்லைக்குள் இருக்கும் எல்லாக் குடும்பங்களையும் ஒரு சுகாதார வைத்திய அதிகாரியின் பொறுப்பில் விடும் முறை அங்கே தொடங்கியது. அவருக்குக் கீழே பி.எச்.ஐ.-யும் மிட்வைஃபும். இன்று மிட்வைஃபுக்குக் குடும்ப நல உத்தியோகத்தர் என்று நீளமான பதவிப்பெயர் இருக்கிறது. குடியிருப்பில் அவர் "மிட்வைஃப் மிஸ்". ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. பிள்ளை பிறப்பதற்கு முன்பே, கல்யாணமான பெண்ணின் பெயரே அவருடைய பதிவேட்டில் ஏறிவிடும். கர்ப்பம், பிரசவம், எடை, ஊசி, எல்லாம் அந்தப் பெயருக்குப் பின்னால் கட்டம் கட்டமாக நிரம்பும். இலங்கையின் 99 சதவீதத்தை யாராவது எனக்கு ஒரு பொருளாகக் காட்டச் சொன்னால் நான் ஊசியைக் காட்ட மாட்டேன், மூலை மடிந்த அந்தப் பதிவேட்டைக் காட்டுவேன்.

கண்டியில் ஒரு கிளினிக் நாளைக் கூர்ந்து பார்த்தால் இது புரியும். காலை எட்டரைக்கு வாங்கு நிறைந்திருக்கும். முதலில் தராசு. பிறகு நீல அட்டை அல்லது இளஞ்சிவப்பு அட்டை: ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு இளஞ்சிவப்பு. பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடு அதுதான். தாய்மார் அதை "கார்ட்" என்பார்கள், மழையில் நனையாமல் சிலிசிலிப் பையில் சுற்றி வைத்திருப்பார்கள். மிஸ் கார்டைத் திறப்பதற்கு முன் பிள்ளையின் இடது தோளைப் பார்ப்பார். பிறந்து ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் போட்ட பி.சி.ஜி. அங்கே சின்னத் தழும்பை விட்டிருக்க வேண்டும். ஆறு மாதமாகியும் தழும்பு இல்லையென்றால், ஐந்து வயதுக்குள் இன்னொரு தடவை போட வேண்டும். கார்ட் பொய் சொல்லலாம், தோள் சொல்லாது.

பெட்டிக்குள் ஐஸ் பொதிகளுக்கு நடுவே குப்பிகள். 2 பாகைக்குக் கீழேயும் போகக் கூடாது, 8 பாகைக்கு மேலேயும் போகக் கூடாது. குப்பியின் மேல் ஒட்டிய சிட்டையில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். மருந்து சூடு பட்டிருந்தால் உள்ளே இருக்கும் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தைத் தொட்டுவிட்டால் அந்தக் குப்பி குப்பைக்கு. சூடு மட்டும் எதிரி இல்லை. ஐங்கூட்டு ஊசி உறைந்து போனாலும் கெட்டது, அதை அந்தச் சதுரம் காட்டாது. சின்னமுத்துக்கான எம்.எம்.ஆர். தூளாக வரும், கரைத்த பிறகு ஆறு மணி நேரம்தான் அதற்கு ஆயுள். மாலையில் மிஞ்சியதை ஊற்றிவிட வேண்டும். ஒரு பிள்ளைக்காகப் பத்துப் பேருக்கான குப்பியை உடைப்பதா என்ற தயக்கம் அங்கே உண்டு. உடைக்காமல் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை அடுத்த மாதம் வருவது நிச்சயமில்லை. என்னைக் கேட்டால் குப்பியை உடைக்க வேண்டும். ஊசி போட்ட பிறகு இருபது நிமிஷம் வாங்கிலேயே இருக்கச் சொல்வார்கள், ஒவ்வாமை ஏதும் வந்தால் பார்க்க. அந்த இருபது நிமிஷத்தில்தான் தாய்மார் உண்மையான கேள்விகளைக் கேட்பார்கள்.

இதற்குள் என்னென்ன ஊசிகள் எப்போது வந்தன என்பதை வேகமாகச் சொல்லிவிடலாம். பி.சி.ஜி. 1949-இல். தொண்டைக் கரப்பான், குக்கல், ஏற்புவலி மூன்றுக்குமான முக்கூட்டு ஊசி 1961. போலியோ சொட்டு 1962. கர்ப்பிணிகளுக்கான ஏற்புவலி ஊசி 1969. இவையெல்லாம் ஒரே திட்டமாகக் கோக்கப்பட்டது 1978-இல். சின்னமுத்து 1984. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் 1988. ருபெல்லா 1996. ஹெப்பற்றைற்றிஸ் பி 2003. பெண்பிள்ளைகளுக்கான எச்.பி.வி. 2017. இளம்பிள்ளைவாதம் கடைசியாக ஒரு பிள்ளையைத் தாக்கியது 1993-இல். இந்த வரிகளுக்குப் பின்னால் எத்தனை மரணம் நடக்காமல் போயிற்று என்பதை எண்ண முடியாது. நடக்காததை எவரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. தடுப்பூசியின் சாபம் அது.

மலையகத் தமிழருக்கு இந்தப் பட்டியல் அப்படியே பொருந்தவில்லை. தோட்டத்துக்கு வேறு ஆஸ்பத்திரி, வேறு மருந்து அறை, வேறு மிட்வைஃப். எல்லாம் துரையின் செலவில், துரையின் விருப்பத்தில். களுத்துறை முறை நாட்டின் கிராமங்களுக்குப் பரவியபோது தோட்டத்தின் வாசற்படி வரை வந்து நின்றது. சிசு மரண வீதம் தோட்டங்களில் நாட்டுச் சராசரியைவிட மிக உயரத்தில் நெடுங்காலம் இருந்தது. 1973, 74 பஞ்சத்தில் அது கண்ணுக்கு நேரே தெரிந்தது. 1970-களில் தோட்டங்களை அரசு எடுத்த பிறகுதான் அரசின் சுகாதாரமும் மெல்ல உள்ளே நுழைந்தது. இடையில் 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியிருந்தது. அந்தக் கணக்கு முழுமையாகத் தீர 2003 வரை ஆயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாத காலத்திலும் மிட்வைஃபின் பதிவேட்டில் பெயர் இருந்தது. அதில் பிரஜாவுரிமைக்கு ஒரு கட்டம் கிடையாது. பிள்ளையின் பிறந்த திகதி, தாயின் பெயர், வீடு. மஹய்யாவ போன்ற நகரக் குடியிருப்புகள் தோட்ட எல்லைக்கு வெளியே, மாநகர சபையின் சுகாதார வைத்திய அதிகாரியின் வரம்புக்குள் இருந்ததால் இந்தப் பதிவு இன்னும் எளிதானது. சாதியால் ஒதுக்கப்பட்டவர்களை அரசு சமமாக நடத்திய இடங்கள் அதிகமில்லை. கிளினிக் வாங்கு அவற்றில் ஒன்று என்று சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். வாங்கில் தள்ளி உட்காரச் சொன்ன கதைகளும் எனக்குத் தெரியும். ஆனால் ஊசி தள்ளி வைக்கப்படவில்லை.

இனி அந்த 99-க்குள் போவோம். ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால் ஒரு சதவீதம் என்பது 2,500. இந்த 2,500 பேரும் நாடு முழுவதும் பரவிக் கிடந்தால் கிருமிக்கு அவர்களைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஐம்பது பேர் ஒரே தெருவில் இருந்தால் அந்தத் தெருவுக்கு நாட்டின் சராசரியால் ஒரு பயனும் இல்லை. அரிசி மூட்டை நூறு கிலோவில் ஒரு கிலோ கல் என்றால் சமாளிக்கலாம். அந்த ஒரு கிலோவும் என் தட்டில் விழுந்தால்?

சராசரி மறைக்கும் இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. ஊசி போட்டதும் எதிர்ப்புச் சக்தி வந்ததும் ஒன்றல்ல. ஒன்பது மாதத்தில் போடும் சின்னமுத்து ஊசி நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 85 பேருக்குத்தான் பிடிக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் இன்னும் இரத்தத்தில் இருப்பதால் அது மருந்தையே தின்றுவிடும். ஆகவே ஒரு பிள்ளையையும் விடாமல் போட்டாலும், ஒன்பது மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு நூறு பிள்ளைகளிலும் பதினைந்து பேர் கார்டில் பாதுகாப்பாகவும் உடம்பில் பாதுகாப்பில்லாமலும் இருப்பார்கள். அந்த ஓட்டையை அடைப்பது மூன்று வயதில் போடும் இரண்டாவது ஊசி. இரண்டும் போட்டால் நூற்றுக்கு 97 பேர் வரை தேறுவார்கள். நாட்டின் பெருமை ஐங்கூட்டு ஊசியின் மூன்றாவது தடவையில் இருக்கிறது, நாட்டின் ஆபத்து எம்.எம்.ஆரின் இரண்டாவது தடவையில்.

இதை இலங்கை பட்டுத்தான் படித்தது. 1984 முதல் ஒரே ஊசிதான். 1999, 2000 ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பேருக்குச் சின்னமுத்து வந்தது. அதன் பிறகு 2001-இல் மூன்று வயதில் இரண்டாவது ஊசி சேர்க்கப்பட்டது. பத்து ஆண்டு அமைதி. 2011-இல் எம்.எம்.ஆர். வந்தபோது முதல் ஊசி ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குத் தள்ளப்பட்டது. காகிதத்தில் சரியான முடிவுதான்: ஒரு வயதில் போட்டால் நன்றாகப் பிடிக்கும், நோயும் நாட்டில் இல்லை. 2013-இல் நோய் வந்தது. ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தைகள் வரிசையாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 2015-இல் ஊசி மறுபடி ஒன்பது மாதத்துக்கே இறங்கியது. அட்டவணையில் மூன்று மாதம் என்பது சின்ன நகர்த்தல். அந்த மூன்று மாதத்துக்குள் எவ்வளவு குழந்தைகள் வரக்கூடும் என்பதை 2013 காட்டியது.

2023-இல் மீண்டும் வந்தபோது இரண்டு வகையினர் அதிகம் பாதிக்கப்பட்டார்கள்: ஒன்பது மாதம் ஆகாத குழந்தைகள், இருபதுகளில் இருக்கும் இளைஞர்கள். இளைஞர்களின் காரணம் விளங்கும். இடையிடையே தவறிய ஊசிகள் அந்த வயதில் சேர்ந்து தேங்கிக் கிடந்தன. குழந்தைகளின் காரணம் கொஞ்சம் நுட்பமானது. என் அம்மாவுக்குச் சின்ன வயதில் சின்னமுத்து வந்து போனது. அப்படி நோய் கண்ட தாய் பிள்ளைக்குக் கொடுக்கும் எதிர்ப்புப் பொருள் அடர்த்தியானது, பல மாதம் தாங்கும். இன்றைய தாய் ஊசியால் காப்பாற்றப்பட்டவள். நோயைக் கண்ணால் கூடக் கண்டதில்லை. அவள் கொடுப்பது சீக்கிரம் கரைந்துவிடும். ஆறாம் மாதமே பிள்ளை வெறும் கையோடு நிற்கும். தடுப்பூசி வெற்றி பெற்றதாலேயே உண்டான இடைவெளி இது. அந்த இடைவெளிக்காகத்தான் ஜனவரிச் சனிக்கிழமை ஊசி.

நம்பிக்கை உடைவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2008 ஏப்ரலில் கடலின் இரு கரையிலும் ஒரே வாரத்தில் ஒரே பயம் எழுந்தது. ஏப்ரல் 23 அன்று தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதே மாதக் கடைசியில் இலங்கை, சில மரணங்கள் அறிவிக்கப்பட்டதையடுத்து, ஜனவரியில்தான் தொடங்கிய ஐங்கூட்டு ஊசியை நிறுத்தி வைத்தது. இரண்டு அரசுகளும் வெவ்வேறு விதமாக எதிர்கொண்டன. இலங்கை மிட்வைஃபையும் கிளினிக்கையும் தொடவில்லை. பழைய முக்கூட்டு ஊசியையும் ஹெப்பற்றைற்றிஸ் பி ஊசியையும் தனித்தனியே போட்டுக்கொண்டே விசாரித்தது; நிபுணர் குழு பார்த்து முடித்த பிறகு 2010-இல் ஐங்கூட்டு ஊசியைத் திருப்பிக் கொண்டுவந்தது. தமிழ்நாடு கிராமத்துக்குப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி முழுமையாக ஊசி பெற்ற குழந்தைகள் 2005-06-இல் 81 சதவீதம், 2015-16-இல் 70. அடுத்த ஆய்வில் 89-க்கு ஏறியது. அந்த ஒரு முடிவு மட்டுமே சரிவுக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஊசி நடந்து வருவதற்கும் தாய் நடந்து போவதற்கும் நடுவில் ஒரு நாள் கூலி இருக்கிறது என்பது மலையகத்தில் எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சமோவா என்ற சின்னத் தீவு நாட்டில் 2018 ஜூலையில் ஊசி போட்ட இரண்டு குழந்தைகள் இறந்தன. கரைக்கும் தண்ணீருக்குப் பதிலாகத் தவறுதலாகத் தசை தளர்த்தும் மருந்து கலக்கப்பட்டிருந்தது. மருந்து அல்ல, கை தவறியது. ஆனால் அரசு திட்டத்தையே மாதக்கணக்கில் நிறுத்தியது. ஊசி பெற்ற குழந்தைகள் 31 சதவீதமாக விழுந்தார்கள். 2019 இறுதியில் சின்னமுத்து வந்தது. இரண்டு இலட்சம் பேர் வாழும் நாட்டில் 83 பேர் செத்தார்கள், பெரும்பாலும் சின்னஞ்சிறிசுகள். இலங்கை 2008-இல் இந்தப் பள்ளத்தின் விளிம்பு வரை போய்த் திரும்பியிருக்கிறது.

அப்படியானால் கண்டியில் எந்தப் பிள்ளை விடுபடுகிறது? மறுக்கிறவரின் பிள்ளைகள் சிலர். பெரும்பாலும் இடம் மாறுகிறவரின் பிள்ளை. தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வேலை தேடி வந்த குடும்பம், ஆறு மாதம் வாடகை அறை, பிறகு வேறு அறை. பிறந்தது ஒரு மிட்வைஃபின் எல்லையில், வளர்வது இன்னொருவரின் எல்லையில். முதல் இரண்டு வயது வரை மாதாமாதம் எடை பார்க்க வருவதால் பதிவேட்டுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நூல் அறுவதில்லை. அதற்குப் பிறகு நூல் தளரும். தாய் வேலைக்குத் திரும்பியிருப்பாள், சிலர் குவைத்துக்கோ சவூதிக்கோ போயிருப்பார்கள், பிள்ளை அம்மாயியிடம். நகரசுத்தி வேலைக்குப் போகிறவர் அதிகாலையில் கிளம்பிவிடுவார், கிளினிக் திறக்கும் நேரத்தில் அவர் தெருவில் இருப்பார். மூன்று வயது ஊசியை நினைவூட்ட அந்த வயதில் வேறு ஊசியோ சடங்கோ இல்லை. பாலர் பாடசாலைக்கும் இன்னும் போகவில்லை. மேலே சொன்ன கணக்கில் எந்த ஊசி மிக முக்கியமோ, அந்த ஊசிக்குத்தான் பிள்ளையைப் பிடிப்பது மிகக் கடினம்.

தமிழ் தெரிந்த மிட்வைஃப் போதாது என்பது மலையகத்தின் பழைய முறைப்பாடு. கண்டி நகரத்தில் தாய்மார் சிங்களத்தில் சமாளிப்பார்கள். சமாளிப்பது வேறு, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று மனம் விட்டுக் கேட்பது வேறு. இருபது நிமிஷ வாங்கில் தாயின் பாஷையில் ஒருவர் இருந்தால் அடுத்த ஊசிக்கு அவள் வருவாள். ஊசியின் விலையை ஒப்பிட்டால் இது ஒன்றும் பெரிய செலவல்ல.

போன வருஷம் ஒரு கிளினிக்கில் பேரப்பிள்ளையின் எடை பார்க்க வந்த தோழியோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் மிஸ் பதிவேட்டைத் திறந்து வைத்து, போன் எண்களை அழைத்துக்கொண்டிருந்தார். ஒரு பெயருக்கு நேரே முதல் எண் வெட்டப்பட்டிருந்தது, இரண்டாவதும் வெட்டப்பட்டிருந்தது. மூன்றாவது எண் அடித்தது. சிங்களத்தில் தொடங்கி, பாதியில் நிறுத்தி, தனக்குத் தெரிந்த தமிழுக்கு மாறினார்: "அம்மம்மாவா? பாப்பா கார்ட் இருக்கா? கார்ட் எடுத்துட்டு வாங்க, இன்னைக்கே." பதினொரு மணிக்கு ஒரு வயதான அம்மா வந்தார். இடுப்பில் மூன்று வயதும் நாலு மாதமும் ஆன பெண்பிள்ளை, கையில் சிலிசிலிப் பைக்குள் இளஞ்சிவப்புக் கார்ட். மிஸ் பிள்ளையின் இடது தோளைப் பார்த்தார். பிறகு கார்டைத் திறந்து வெறுமையாக இருந்த கட்டத்தில் விரல் வைத்தார். குப்பியை உடைத்தார்கள். பிள்ளை ஒரு தடவை அலறிவிட்டு, அம்மம்மாவின் மடியில் ஒரு பிஸ்கட்டோடு இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தது.